சறுக்குக் கட்டை வைத்த மோட்டார்

என் மாமாவுக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், கையில் ஒரு திருப்புளி சுழன்றுகொண்டே இருக்கும். "ஏலே, அந்தக் காலைக் கொஞ்ச நேரம் சும்மா வையேன், படியே ஆடுது" என்று அம்மா அதட்டுவாள். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. ஆனாலும் எங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி அவர் உள்ளே வந்ததில்லை. சாப்பாட்டுத் தட்டும் படிக்கே போகும். பூட்ஸைக் கழற்றச் சோம்பல் என்று அப்பா சொல்லுவார். பட்டாளத்துத் திமிர் என்று பெரியப்பா சொல்லுவார். எனக்கு அந்தப் பூட்ஸ்தான் பெருமை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் வேறு யாருடைய மாமாவும் நடந்தால் அப்படிச் சத்தம் கேட்காது.

சண்டைக்கு லாரி ஓட்டப் போனவர் அவர். பாரசீகத்தில் பனி மலைகளின் மேலே ருஷ்யாக்காரனுக்குச் சாமான் ஏற்றிப் போனாராம். சண்டை முடிந்து திரும்பி வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஒரு மூலையில் கட்டில் போட்டுக்கொண்டார். பனி எப்படி மாமா இருக்கும் என்று கேட்டால், "நம்ம தேரிச் செம்மணலை வெள்ளையடிச்ச மாதிரி இருக்கும், மருமவளே. சுடாது. அதுக்குப் பதிலா கடிக்கும்" என்பார். நாயா கடிக்க, என்று நான் சிரிப்பேன்.

அவர் திரும்பி வர வேண்டுமென்று எல்லோரையும்விட அவசரம் எனக்குத்தான். எனக்கு ஒன்பது வயதாகியும் காது குத்தவில்லை. எங்கள் வீட்டில் காது குத்துவதென்றால் பங்குனி உத்திரத்தன்று, தேரிக்குள் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலில், தாய்மாமன் மடியில்தான் குத்த வேண்டும். மாமன் பட்டாளத்தில் இருந்தால் காது என்ன செய்யும்? காத்துக்கிடந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே மூளிக்காதி. பெரியப்பா ஒவ்வொரு வருஷமும், "ஏரல்லதான் ஒரு மாமன் இருக்கானே, அவன் மடியில வச்சுக் குத்திவிட்டா என்ன?" என்று கேட்பார். ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருந்த அந்த மாமா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நல்ல மனுஷர்தான். ஆனால் அம்மா மாட்டேன் என்று சொல்லமாட்டாள், சரி என்றும் சொல்லமாட்டாள். பெரியப்பா முன்னால் அவள் பேசியே நான் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுக்களைக்குள் போய்விடுவாள், அந்த வருஷமும் போய்விடும். இதற்கிடையில் தம்பி ஒருவன் பிறந்து, அவனுக்கும் மொட்டையும் காது குத்தும் சேர்ந்துகொண்டன.

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாமிக்கு முன்னால் வைக்கிற எதிலும் குறை இருக்கக் கூடாது என்பார். தேங்காயைக் காதருகே ஆட்டி, ஆட்டி, கடைக்காரரையும் சேர்த்து ஆட்டிவிட்டுத்தான் வாங்குவார். காவல் சாமிக்கு விடும் கிடாவின் காதில் ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி ஓட்டிவிடுவார். அதோடு நின்றாலும் பரவாயில்லை. பனையிலிருந்து விழுந்து கைவிரல் போன ஒரு சொந்தக்காரர் எங்களுக்கு உண்டு. பெரியப்பா மகள் கல்யாணத்தில் அவர் குத்துவிளக்கை நகர்த்தி வைக்கப் போனபோது, "நீ இரு" என்று ஒரு சொல் சொன்னார் பெரியப்பா. அந்த மனுஷர் பந்தலுக்கு வெளியே போய் நின்றுதான் அட்சதை போட்டார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த உத்திரத்துக்கு மாமா ஊரில் இருக்கிறார், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்போதுதான் மாமா ஒரு புது நிபந்தனை போட்டார். "நான் கோயில் வாசல் வரைக்கும் மோட்டார்லதான் வருவேன்."

வீடே சிரித்தது. நாசரேத்தைத் தாண்டினால் செக்கச் செவேலென்று மணல் மேடு மேடாகக் கிடக்கும், அதுதான் தேரி. மாட்டுவண்டியே அதன் ஓரத்தில் நின்றுவிடும். அங்கே முள் மண்டிய ஓர் உடைமரம் உண்டு. அதன் அடியில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடுதான் தேரிக்குள் இறங்க வேண்டும். அது கோயில் மண். வைர வியாபாரி வந்தாலும் வெறுங்கால்தான். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமோ?" என்று பெரியப்பா கேட்டார். மாமா படியில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டே, "மோட்டார் ஒண்ணும் செருப்பு இல்லையே, அத்தான்" என்றார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

மோட்டார் என்று பெயர்தான். ஊரைவிட்டுப் போன ஒரு துரை பட்டறையில் போட்டுவிட்டுப்போன சின்ன வண்டி அது. கூரையில்லை, கதவில்லை, பின்னால் பலகை அடித்த ஓர் இருக்கை. மாமா சாயங்காலமானால் அதன் முன்பக்கத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். முதலில் முன் அச்சுக்கு மேலே குலுக்கலைத் தாங்குகிற வில்லில் இன்னும் நாலு இரும்புப் பட்டைகளைச் சேர்த்து விறைப்பாக்கினார். கடற்கரை மணல் மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். நான் கூடப் போகாமல் இருப்பேனா? முன் சக்கரம் இரண்டும் வண்டியின் மூக்குவரை புதைந்தன. "முன்பக்கம் கல்லா இருக்குளா. கல்லு மணல்ல புதையாம மிதக்குமா?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். சேர்த்த பட்டைகளையும் உருவினார், பழைய பட்டைகளிலும் பாதியை உருவினார்.

பிறகு ஒரு நாள் சாக்குக் கட்டியால் பட்டறைத் தரையில் ஒரு படம் போட்டார். பனி மேல் ஓடுகிற வண்டியாம். ஒரு ருஷ்யாக்காரன் அவருக்குப் போட்டோ காட்டியிருக்கிறான். முன்னால் சக்கரமே கிடையாது, மூக்கு வளைந்த இரண்டு சறுக்குக் கட்டைகள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா சிரிக்கவில்லை. தோணி கட்டும் ஓடாவியிடம் போய் நின்றார். ஓடாவி பலகையை நெருப்பில் வாட்டி, தோணிக்கு வளைப்பது போலவே முனையை வளைத்துக் கொடுத்துவிட்டு, "இது எந்தக் கடல்ல ஓடப் போவுது, தம்பி?" என்று கேட்டார். "சிவப்புக் கடல்ல" என்றார் மாமா.

முன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கட்டைகளைப் பூட்டினார். பின் சக்கரங்களில் காற்றைக் குறைத்துத் தேங்காய்க் கயிறு சுற்றினார். வண்டி மிதந்தது! ஆனால் திரும்பச் சொன்னால் திரும்பாது, நேரே போய்க் கடலில் விழப் பார்க்கும். தோணியின் அடியில் இருக்குமே ஏரா, அது மாதிரி கட்டைக்கு அடியில் ஓர் இரும்புப் பட்டையை நெடுக அடித்தார். திரும்பியது. அடுத்து, மேட்டில் குறுக்காக ஓட்டினால் வழுக்கிக்கொண்டு சரிந்தது. விழாமலிருக்கட்டும் என்று கட்டைகளை அகல வைத்தார். அகலமாக வைத்த அன்றைக்குத்தான் வண்டி புரண்டே போனது. நானும் அவரும் மணலில் உருண்டோம், என் வாயெல்லாம் மண். நான் அழ வாயெடுப்பதற்குள் அவர் படுத்தபடியே கத்தினார். "அகலமா நிக்கிற வண்டி சாயாது, மருமவளே! சாயத் தெரிஞ்சாத்தான் மேட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போவும்!" அந்த மண்ணோடு மண்ணாக எழுந்து பட்டறைக்குப் போய், கட்டைகளைக் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து பூட்டினார்.

கடைசியாக ஒரு தொல்லை தீரவில்லை. பட்டைகளும் சக்கரங்களும் போய் லேசாகிவிட்டதால், செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும். அதற்கு மருந்து நான். முன்னால் இரண்டு பக்கமும் ஒரு சாண் பலகை அடித்து, அதில் ஒன்றில் என்னை உட்காரவைத்தார். வண்டி எந்தப் பக்கம் சரிகிறதோ அதற்கு எதிரே நான் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். "இன்னும் கொஞ்சம் கனமாப் பொறந்திருக்கக் கூடாதாளா?" என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் வைவார்.

இவ்வளவும் எதற்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், மாமாவுக்கு ஜம்பம் என்று சொல்லியிருப்பேன். விஷயம் எனக்குத் தெரிந்தது வெகு காலம் கழித்து, அம்மா சொல்லித்தான். பாரசீகத்து மலையில் லாரி நின்றுபோன ஓர் இரவில், பனி என் மாமாவின் இரண்டு காலிலும் விரல்களைத் தின்றுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மிச்சத்தையும் வெட்டிவிட்டார்கள். பட்டறைக்குச் சோறு கொண்டுபோன அம்மா தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பூட்ஸ் இல்லாமல் அவர் தேரியில் நாலு எட்டு வைத்தால் போதும், பெரியப்பா கண்ணில் பட்டுவிடும். பிறகு, "நீ இரு" என்று ஒரு சொல். என் காதும் தம்பி மொட்டையும் ஏரல் மாமா மடிக்குப் போய்விடும். என் மாமா உடைமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

உத்திரத்துக்கு முந்தின நாளே நாங்கள் வண்டி கட்டி ஏரலுக்குப் போய்த் தங்கிவிட்டோம். நான் மோட்டாரில்தான் வருவேன் என்று அழுதேன், புரண்டேன். "காது குத்துத பிள்ளை அந்தக் கட்டைவண்டில ஏறக் கூடாது" என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் உடைமரத்தடிக்குப் போனால், மாமா எங்களுக்கு முன்னாலேயே தூத்துக்குடியிலிருந்து வந்து, வண்டிக்கடியில் படுத்து, கட்டைகளைப் பூட்டுவதற்காக முன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நீங்க நடங்க, நான் பின்னால வாரேன்" என்று சத்தம் மட்டும் வந்தது. செருப்புகளைக் குவித்துப் போட்டுவிட்டு மணலில் நடந்தோம்.

கோயில் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. தட்டாசாரி ஊசியோடு தயார். நாவிதர் கத்தியோடு தயார். தம்பி இரண்டு பேரையும் பார்த்து அழுது முடித்திருந்தான். மாமாவைக் காணோம். நல்ல நேரம் உச்சிக்கு முன்னால் முடிந்துவிடும் என்று பெரியப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரல் மாமாவைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லியாகிவிட்டது. "எனக்கு மடி எங்கன இருக்கு அண்ணாச்சி, எல்லாம் வயிறுல்லா" என்று அவர் பாவம் நெளிந்தார். நான் நிற்க முடியாமல் மேட்டு விளிம்புக்கும் கோயிலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். சுடுகிற மணலுக்காக ஓடினேனா, பதற்றத்தில் ஓடினேனா என்று எனக்கே தெரியாது.

சத்தம் கேட்டது. முதல் மேட்டின் மேல் சறுக்குக் கட்டைகள் தெரிந்தன. இறங்கியது, இரண்டாவது மேட்டைச் சாய்ந்து சாய்ந்து குறுக்காகக் கடந்தது. பிள்ளைகளெல்லாம் ஆர்ப்பரித்தன. கோயிலுக்குக் கீழே கடைசி ஏற்றம்தான் பாக்கி. அதில் பாதி ஏறியதும் முன்பக்கம் அந்தரத்தில் தூக்கியது, வண்டி திரும்பிக் கீழே வழுக்கியது. மறுபடி ஏறினார், மறுபடி வழுக்கியது. கயிறு சுற்றிய சக்கரம் மணலை வாரி வாரி இறைத்தது.

கூப்பிடு தூரம்தான். "இறங்கி நடந்து வாயேம்ப்பா!" என்று ஆள் ஆளுக்குக் கத்தினார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். "மாமா, இறங்கி ஓடி வா மாமா!" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இறங்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மணலை அள்ளி அவர் பக்கமாக வீசினேன். அவ்வளவு தூரத்துக்கு அது எங்கே போகும், என் மேலேயே விழுந்தது.

"ராசா மண்ணை மிதிக்க மாட்டாராம்" என்றார் பெரியப்பா. "அவனுக்கு மருமக்களைவிட மோட்டார்தான் பெருசு. போதும் பார்த்தது. ஏலே ஏரலான், பிள்ளையை வாங்கு."

அப்போதுதான் அம்மா தம்பியைத் தூக்கி அப்பா கையில் கொடுத்தாள். சேலைக் கொசுவத்தை வாரி இடுப்பில் செருகினாள். என் கையைப் பிடித்தாள். "ஏளா, அந்த வண்டில நீ எங்கன உக்காருவே? காட்டு." நாங்கள் இரண்டு பேரும் மேட்டிலிருந்து சரிந்து ஓடினோம். என் அம்மா ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எக்கா, வேணாம்க்கா. எல்லாரும் பாக்காவ" என்றார் மாமா. அவர் முகமெல்லாம் மணலும் வேர்வையுமாக இருந்தது.

"பாக்கட்டும். நீ வாயை மூடிட்டு ஓட்டு."

வலது பலகையில் நான், இடது பலகையில் அம்மா. முன்பக்கம் அமுங்கியது, சறுக்குக் கட்டை இரண்டும் மணலைக் கவ்விக்கொண்டன. "மேட்டுப் பக்கம் சாயி! எக்கா, சாயி! நல்லாச் சாயி!" மாமா கத்த, பெரியப்பாவின் தலையைக் கண்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற என் அம்மா, தலைமுடி அவிழ்ந்து காற்றில் பறக்க அந்தரத்தில் சாய்ந்து தொங்கினாள். மேலே பெண்களெல்லாம் குலவை விட்டார்கள். வண்டி உறுமிக்கொண்டு ஏறி, சாஸ்தாவுக்கு நேராக வந்து மூச்சு வாங்கி நின்றது.

"இறங்கு" என்றார் பெரியப்பா.

மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அம்மா இறங்கி வண்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "அவன் இறங்க வேண்டாம். மாமன் மடின்னுதான சொன்னிய? மடி இந்தா இருக்கு. அது தரையிலதான் இருக்கணும்னு சாமி கேட்டுச்சா?" பெரியப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தே சொல்லி முடித்தாள். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. "ஆகட்டும்" என்றார்.

மாமா கைகளை ஊன்றிப் பின் பலகைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். சீராகக் கொண்டுவந்திருந்த புதுப்பட்டுத் துணியை அம்மா உதறி, அவர் மடியில் விரித்து, கால்வரை இழுத்துப் போர்த்திவிட்டாள். முதலில் தம்பி, அப்புறம் நான். ஊசி இறங்கியபோது நான் போட்ட சத்தம் நாசரேத்துக்குக் கேட்டிருக்கும். ஆனால் அந்த வலியிலும் ஒன்று எனக்குத் தெரிந்தது. மாமாவின் முழங்கால் ஆடவில்லை. நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அது அசையவேயில்லை.

திரும்பும்போது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மேடுகளைச் சுற்றிச் சுற்றி, உடைமரத்தடி வரைக்கும் மாமாவே ஓட்டிவந்தார். நடந்து வந்தவர்கள் முன்னாலேயே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். செருப்புக் குவியலுக்கு ஓரமாக, கோயில் மண்ணுக்காக எங்களுக்குப் பின்னால் மாமாவும் கழற்றிவைத்திருந்த பூட்ஸ் இருந்தது. அவர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார், நாமாவது எடுத்துக்கொடுப்போம் என்று குதித்து ஓடினேன். "ஏளா, நில்லு!" என்று அம்மா கத்தினாள். நான் எங்கே நின்றேன்? மணல் புகுந்திருக்குமே என்று பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளே, விரல் இருக்கும் இடத்தில், சுருட்டிச் சுருட்டித் துணி அடைத்திருந்தது. ஒன்றை உருவினேன். மற்றதிலும் அதே மாதிரி இன்னொன்று.

"அய்யய்ய, இங்கன பாருங்க! மாமா பூட்ஸு ரொம்பப் பெருசு! துணியத் திணிச்சு வச்சிருக்காவ!" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். வில் பட்டையை நூல் பிசகாமல் அளந்து போடுகிற மனுஷருக்குத் தன் காலுக்கு அளவாக ஒரு பூட்ஸ் வாங்கத் தெரியவில்லையே!

யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா என் பக்கத்தில்தான் நின்றார். பூட்ஸைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். வண்டியில் புதுப்பட்டு இன்னும் காலை மூடியிருக்க உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்க்கவில்லை. அம்மா வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் உதடு மட்டும் அசைந்தது.

பெரியப்பா குனிந்தார். தன் செருப்பையே காலால் தள்ளித் திருப்பிப் போடுகிறவர், கீழே கிடந்த அந்தத் துணிகளைக் கையால் எடுத்தார். மணல் போக உதறினார். திரும்பவும் சுருட்டி, என்னிடமிருந்து பூட்ஸை வாங்கி, உள்ளே இதமாக அடைத்தார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வண்டியருகே போய் மாமாவின் காலடியில் வைத்தார்.

"பட்டாளத்துல அளவு பார்க்காமக் குடுத்துட்டானுவ போல, மாப்ள" என்றார். பிறகு, "அடுத்த வருசமும் வண்டிலயே வந்துரு" என்றார்.

பெரியப்பாவுக்கும் மோட்டார் ஆசை பிடித்துவிட்டது! நான் அப்படித்தான் நினைத்தேன். பூட்ஸைத் தூக்கிக் கொடுக்கிற அளவுக்குப் பிடித்துவிட்டதே என்று, காது வலியையும் மறந்து, ஏரல் வரைக்கும் மாட்டுவண்டியில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். அம்மா மட்டும் ஏன் அழுதுகொண்டே வருகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.